துணிப்பையில் போன தெரு

"ஷார்ஜா போற உபைதுல்லாவோட கார் அஸர் தொழுகை முடிஞ்சதும் கெளம்பிடும். நீ இன்னும் மெஷினை விட்டு எந்திரிக்கலையா?"

வாசற்படியில் கால் வைக்கும்போதே கேட்டுக்கொண்டு வந்தாள் மெஹராஜ் பேகம், சபிஹாவின் அண்ணன் மனைவி. பக்கத்துத் தெருதான். ஒரு கையில் இட்லிப் பொடி டப்பா, இன்னொரு கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். உள்ளே என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"கருவாடா மதினி?"

"வாசம் வருதா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு."

"மூணு கவர் போட்டுக் கட்டினேன்டி! கோடியக்கரைக் கருவாடுன்னா ஆஸிமுக்கு உசுரு."

"உபைதுல்லா அம்மா தராசோட வாசல்ல உக்காந்திருக்காங்களாம். ஆளுக்கு அரைக் கிலோதானாம்."

"தராசு நிறுக்கத்தானே செய்யும்? மோந்தா பாக்கும்?"

சபிஹா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் வீடு எவ்வளவு நிசப்தமாக இருக்கிறது என்று உறைத்தது. இந்த வீட்டில் யார் சிரித்தாலும், எதற்கென்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரிக்கிற குரல் ஒன்று மெஷினுக்கு அடியில் இருந்தது. அந்தக் குரல் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறது.

ஆசியாவுக்கு நாலு வயது. தம்பி ஆஸிமின் மகள். கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றவள் நிலோஃபர் மவுத்தாகிவிட்டாள். ஆஸிம் பிள்ளையை அக்கா கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். கல்யாணம் ஒரு வருஷத்திலேயே முறிந்து, அத்தா வீட்டுக்குத் திரும்பி, தையல் மெஷினே துணையென்று இருந்த சபிஹாவுக்கு அதன் பிறகு வேறு எதற்கும் நேரம் இருக்கவில்லை. போன தடவை லீவில் வந்தவன் அனீஸாவை நிக்காஹ் செய்துகொண்டான். போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போய்விட்டான். பெற்ற தகப்பன் கூட்டிப்போகிறான், யார் என்ன சொல்ல முடியும்? சபிஹா சின்னச் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கிக் கொடுத்தாள்.

போன வாரம்தான் அந்த ஃபோன் வந்தது.

"லாத்தா, தப்பா நெனைச்சுக்காதே. உன்னை வீடியோவுல பாத்தா அன்னைக்குப் பூராவும் அழுவுது. கொஞ்ச நாளைக்குப் பேச வேணாம். அனீஸாவோட ஒட்டட்டும்."

"சரிடா."

"ஃபோட்டோ கீட்டோ எதுவும் அனுப்பாதே."

"சரிடா."

"வெளையாட்டு சாமான் ஏதாவது வேணா அனுப்பு."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் சபிஹா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மெஹராஜ் பேகம் கட்டிலில் பரப்பியிருந்த துணிச் சதுரங்களைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒவ்வொன்றும். எல்லாவற்றுக்கும் முதுகு ஒரே கருநீலம்.

"என்னடி இது, சமோசாவா?"

"ஜோடி சேக்குற வெளையாட்டு மதினி. இப்படி எல்லாத்தையும் குப்புறப் போடணும். ஒண்ணைப் புரட்டணும். அதே மாதிரி இன்னொண்ணு எங்கே கெடக்குன்னு புரட்டணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஜோடி. இல்லாட்டித் திரும்பக் குப்புறப் போட்டுடணும்."

மெஹராஜ் பேகம் ஒன்றைப் புரட்டினாள். பச்சைக் கட்டம்.

"இது எங்கேயோ பாத்த துணியா இருக்கே."

"பால்கார வைரக்கண்ணு கைலி. மூட்டக் கொடுத்தாரில்ல, அப்ப நறுக்கினது."

இன்னொன்று. மாம்பழ மஞ்சளில் சின்னச் சின்ன மயில்.

"இது சாவித்திரி டீச்சர் ஜாக்கெட்! ஆண்டு விழாவுக்குப் போட்டுக்கிட்டு வந்தாங்களே."

"இப்ப அதோட ஜோடியைப் புரட்டுங்க பாப்போம்."

மெஹராஜ் பேகம் புரட்டினாள். அவளுடைய சொந்தச் சுடிதாரின் கத்தரிப்பூ நிறம் வந்தது.

"அடிப் பாவி! என்னையுமா அனுப்புறே?"

"தெருவையே அனுப்புறேன்."

சபிஹாவிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் துணி தைத்தாலும் உள்ளங்கை அளவு வெட்டுத்துணியை எடுத்து வைத்துக்கொள்வாள். பின்னால் எங்காவது கிழிந்து வந்தால் அதே துணியில் ஒட்டுப்போட உதவும். அந்த மூட்டைதான் ஆசியாவுக்கு பொம்மைக்கடை. மெஷின் ஓடும் நேரமெல்லாம் மூட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "இது டீச்சர், இது பால் தாத்தா, இது மாலதியக்கா" என்று ஒவ்வொன்றாக அடுக்கும். ஆட்களை முகத்தை வைத்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே துணியை வைத்துத் தெரிந்துகொண்ட பிள்ளை.

ஃபோட்டோ அனுப்பக் கூடாது என்றுதானே ஆஸிம் சொன்னான்?

"இது யாரு, வெந்தயக் கலர்?" மெஹராஜ் பேகம் கேட்டாள். கேட்டவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நிலோஃபரா?"

சபிஹா தலையை ஆட்டினாள். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு முன்பே நிலோஃபரின் உடுப்பையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்தாயிற்று. மூட்டைக்குள் கிடந்த இந்தத் துண்டு மட்டும் யார் கண்ணிலும் படாமல் தப்பிவிட்டது. தஞ்சாவூரில் கடை கடையாக ஏறி இறங்கி ஆஸிமே எடுத்து வந்த புடவை.

"பிள்ளைக்கு எங்கே தெரியப்போவுது?"

"தெரியாது. இருந்துட்டுப் போகட்டும்."

"ம்... நீ எங்கே?"

சபிஹா வெள்ளைப் புள்ளி போட்ட காப்பிப்பொடி நிறச் சதுரம் இரண்டை எடுத்துக் காட்டினாள். பழைய நைட்டி. ராத்திரி அதன் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் ஆசியாவுக்குத் தூக்கம் வரும். ஊருக்குப் போன அன்று அதைக் கேட்டு அழுதது. "புது ஊருக்குப் பழந்துணி எதுக்கு?" என்றான் ஆஸிம்.

மெஹராஜ் பேகம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். அவள் கண் எதையோ தேடுவது சபிஹாவுக்குத் தெரிந்தது. கேட்கட்டும் என்று காத்திருந்தாள். மதினி கேட்கவில்லை. "நான் கருவாட்டைக் கொண்டுபோய்ப் பேசிப் பாக்குறேன். நீ முடிச்சுட்டு வந்து சேரு" என்று எழுந்து போய்விட்டாள்.

மிச்சம் ஓரத் தையல் மட்டும்தான். முகத்துணியும் முதுகுத்துணியும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க, நடுவில் காலருக்கு வைக்கும் கேன்வாஸ். சுற்றித் தைத்து, இரண்டு விரல் நுழையும் அளவு வாய் விட்டு, அதன் வழியாக வெளியே புரட்டி, மூலைகளைக் கத்தரிக்கோல் நுனியால் குத்திக் கூர்மையாக்கி, மேலே ஓரமாக ஒரு தையல். பிள்ளை வாயில் வைத்துக் கடித்தாலும் பிரியக் கூடாது. பள்ளிக்கூடச் சீருடை தைத்து மிஞ்சிய கருநீலம் முழுவதும் முதுகுக்கே சரியாகிப்போனது. ஒரு முதுகு வேறு நிறமாக இருந்தால் பிள்ளை அதை அடையாளம் வைத்துக்கொள்ளும், அப்புறம் அது விளையாட்டாக இராது.

கடைசிச் சதுரத்தின் நூலை அறுக்கும்போது ஃபோன் அடித்தது. அனீஸா.

சபிஹா பதறிப்போனாள். "என்னம்மா? பிள்ளைக்கு உடம்பு எதும் சரியில்லையா?"

"இல்ல லாத்தா, நல்லாதான் இருக்கு. அவங்க ஜும்ஆவுக்குப் போயிருக்காங்க. அதான்..."

"அவன் வேணாம்னான்ல?"

"தெரியும். ரெண்டு நிமிஷம் லாத்தா." அனீஸாவின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "ஆசியா பேசவே மாட்டேங்குது."

"அழுவுதுன்னு சொன்னானே?"

"அதெல்லாம் முன்னாடி. இப்ப அழுகவும் இல்லை. தண்ணி வேணும்னா டம்ளரை எடுத்தாந்து எம் முன்னாடி வைக்கும். பசிச்சா தட்டு. அவ்வளவுதான். என்னை ஒண்ணுமே கூப்பிடாது. 'இந்தா'ன்னு கூட கூப்பிடாது லாத்தா."

மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய பிள்ளை.

"நான் என்னம்மா பண்ணட்டும்?"

"துணியில என்னமோ தைக்கிறீங்களாமே. இப்பத்தான் மெஹராஜ் மதினி ஃபோன் போட்டுச் சொன்னாங்க. தெரு ஆளுங்க துணியெல்லாம் வச்சு." அவள் மூச்சு விட்டாள். "என் நிக்காஹ் ஜாக்கெட்டு நீங்கதானே தச்சீங்க. அந்தத் துணி கெடக்குதா? என்னையும் ஒரு ஆளா அதுல வைங்களேன்."

சபிஹா அறுத்த நூலை விரலில் சுற்றினாள்.

"பெருசால்லாம் வேணாம். பால்காரர் இருக்காருல்ல, அவருக்குப் பக்கத்துல ஒரு ஓரத்துல."

"பாக்குறேன்."

"இங்க நானும் ஒத்தைதான் லாத்தா. அவங்க காலையில போனா ராத்திரிதான் வருவாங்க. கதவைச் சாத்திக்கிட்டு அது ஒரு மூலை, நான் ஒரு மூலை."

"பாக்குறேன்னேன்ல."

சபிஹா ஃபோனை வைத்தாள். அந்தத் துணி மூட்டையில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். சதுரங்களுக்காகத் துணி பொறுக்கும்போது கையில் வந்தது. ரத்தச் சிவப்பில் ஜரிகைப் பொடி. எடுத்த கையோடு அடியில் தள்ளிவிட்டாள். ஏன் தள்ளினாய் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒருத்தி இல்லாத தெருவைத்தான் ஆசியாவுக்கு அனுப்ப நினைத்தாள். அந்தத் தெருவில் சாயங்காலமானால் ஆசியாவைக் கூப்பிட அதன் மாமி சபிஹா ஒருத்திதான் இருப்பாள்.

எழுந்து போய் மூட்டையை அவிழ்த்தாள். துண்டை எடுத்து அளவுக் காகிதத்தை மேலே வைத்துப் பார்த்தாள். ஒரு சதுரத்துக்குத்தான் வரும். கல்யாணத் துணியில் ஒரு இழைகூட வெளியாள் கையில் தங்கக் கூடாது என்று அனீஸாவின் தாயார் பக்கத்தில் நின்று வெட்டுத்துணியையெல்லாம் வாங்கிப் போனார். பழக்க தோஷத்தில் சபிஹா ஒதுக்கியது இந்தச் சின்னத் துண்டு மட்டும்தான்.

"ஒண்ணுதான் இருக்கு" என்று வாய்விட்டே சொன்னாள். "ஜோடி இல்லாம என்ன பண்றது? நான் என்ன வேணும்னா செய்றேன்?"

காலி வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்க யாரும் இல்லை. சொன்னவளுக்கே அது பொய்யாகக் கேட்டது.

இருபத்து நாலு சதுரங்களையும் பைக்குள் போட்டாள். சுருக்குக் கயிற்றை இழுத்து முடிச்சும் போட்டாள். முகம் கழுவித் தலைத்துணியை எடுத்தாள். வாசல் வரை வந்தவளுக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. சின்னக் கை இரண்டும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, பேசாமல், ஒருத்தி முன்னால் வைக்கிறது. அந்த ஒருத்தி, 'என்னைக் கூப்பிடு' என்று கேட்கத் தெரியாமல் தண்ணீர் ஊற்றுகிறாள்.

சபிஹா திரும்பி வந்தாள். முடிச்சை அவிழ்த்தாள். கருநீலத்தில் ஒரு துளி மிச்சமில்லை. ஏதாவது ஒரு முதுகைத்தான் பிரித்தாக வேண்டும். யாருடையதை? டீச்சரையா, பால்காரரையா, நிலோஃபரையா?

பிளேடை எடுத்துக் காப்பிப்பொடி நிறச் சதுரம் ஒன்றின் ஓரத்தில் வைத்தாள். கடித்தாலும் பிரியக் கூடாது என்று தைத்த தையல் இல்லையா, லேசில் பிரியவில்லை.

பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொன்னபோது, சிவப்புச் சதுரத்தைப் புரட்டி மூலை குத்திக்கொண்டிருந்தாள்.

"அடியே, கார் வந்துடுச்சு!" மெஹராஜ் பேகம் ஓடி வந்தாள். "கருவாடு போச்சு. 'இதை ஏத்தினா என்னை எறக்கிவிட்டுடுவாங்க மாமி'ன்னு கையெடுத்துக் கும்புடுறான் உபைதுல்லா. உன் அண்ணன் அதையும் கேட்டுட்டுப் பல்லைக் காட்டுறாரு. கொண்டா பையை."

"இந்தா, இதையும் போடுங்க."

மெஹராஜ் பேகம் சிவப்பைப் பார்த்தாள். அப்புறம் மெஷின் மேல் முதுகில்லாமல் கிடந்த நைட்டித் துண்டைப் பார்த்தாள்.

"ஒத்தைதானே இருக்கு இது? அப்ப உன்னோடதும் ஒத்தையாயிடுச்சா?"

"ஆமா."

"ஜோடி இல்லாத ரெண்டு இருந்தா பிள்ளை குழம்பிப் போவாதா?"

"எல்லாம் ஜோடி சேந்த பிறகு கடைசியில அந்த ரெண்டுதான் மதினி மிஞ்சும்." சபிஹா ஓரத் தையல் கோணியிருந்த சிவப்புச் சதுரத்தைக் கட்டைவிரலால் நீவினாள். "மிஞ்சுனதை என்ன செய்யணும்னு அது பாத்துக்கட்டும்."

மதினி சிவப்பை வாங்கிப் பைக்குள் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

உபைதுல்லா வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். அவன் தாயார் தராசுக் கொக்கியில் துணிப்பையை மாட்டினார். முள் கொஞ்சம் அசைந்து நின்றது.

"என்ன சபிஹா, பஞ்சு மாதிரி இருக்கு?"

"தெருவையே தூக்கி உள்ள வச்சிருக்கா" என்றாள் மெஹராஜ் பேகம். "நீங்களும் இருக்கீங்க பாருங்க, அந்த ஊதாப்பூப் போட்டது."

"நானுமா? அப்ப எனக்கு டிக்கெட் செலவு மிச்சம்!"

எல்லோரும் சிரித்தார்கள். "ஷார்ஜாவுல அனீஸா கையில கொடுப்பா" என்று சபிஹா சொன்னதை அந்தச் சிரிப்பில் உபைதுல்லா சரியாகக் கேட்டானா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினான். கார் கிளம்பியது. வெயிலுக்கு ரோட்டில் பாதி அகலத்துக்குக் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. கார் அதை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போய், தஞ்சாவூர் ரோட்டில் திரும்பி மறைந்தது.

"எங்க வீட்டுக்கு வாயேன். மீன் கொழம்பு வச்சிருக்கேன்" என்றாள் மெஹராஜ் பேகம். "திரும்பி வந்த கருவாடும் இருக்கு."

"மாலதி ஜாக்கெட்டு நாளைக்குக் கொடுக்கணும் மதினி. இன்னும் கை வைக்கலை."

உண்மையில் மாலதியின் ஜாக்கெட் நேற்றே தைத்து முடித்து ஆணியில் தொங்குகிறது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். இத்தனை நாளாகக் கையில் வேலை இருந்தது. துணி பொறுக்குவதும் வெட்டுவதும் தைப்பதுமாக, ஆசியா பக்கத்தில் எங்கேயோ இருப்பது போலவே போய்விட்டது. இப்போது மெஷின் மேல் நூல் துணுக்குகளும், ஓரமெல்லாம் ஊசித் துளை விழுந்த நைட்டித் துண்டும்தான் இருந்தன. மெஷினுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று தினமும் நினைத்துக்கொண்டு தினமும் பார்க்கிற இடம்.

மஃரிப் தொழுது எழுந்தபோது ஃபோன் அடித்தது. ஆஸிம். இந்த நேரத்தில் அவன் கூப்பிடுகிறவன் இல்லை.

"லாத்தா, அனீஸா உனக்குப் பேசினாளா?"

சபிஹாவின் கை நைட்டித் துண்டை இறுக்கிப் பிடித்தது. ஆமாம் என்றால் அந்தப் பெண்ணுக்கு ஆகாது. இல்லை என்றால் ஃபோனே காட்டிக் கொடுத்துவிடும்.

"நான்தான்டா மிஸ்டு கால் கொடுத்துக் கூப்பிட வச்சேன். பிள்ளை நெனைப்பா இருந்துச்சு."

"உன்னை வேணாம்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"நான் யாருக்காக லாத்தா சொல்றேன்? இங்க நான் படுற பாடு உனக்குத் தெரியுமா? ரெண்டும் ரெண்டு மூலையில உக்காந்திருக்குதுங்க. வீட்டுக்குள்ள வந்தா மூச்சு முட்டுது." அவன் குரல் ஏறியது. "நீ விட்டாத்தானே அது ஒட்டும்?"

"விட்டுட்டேன்டா" என்றாள் சபிஹா.

அந்தப் பக்கம் தொலைவில், டம்ளர் ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம். அதற்குப் பின்னால் ஒரு சின்னக் குரல்.

"அத்தா... மாமியா?"

சபிஹா வாயைப் பொத்திக்கொண்டாள். அனீஸாவிடம் பேசாத பிள்ளை பேசுகிறது. 'ஆமாடி தங்கம்' என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினாள். இப்போது தன் குரல் கேட்டால் பிள்ளை அந்த மூலையை விட்டு என்றைக்கும் எழுந்து வராது.

"இல்லம்மா. கடைக்காரங்க" என்றான் ஆஸிம். அப்புறம் ஃபோனுக்குள் குரலைத் தாழ்த்தினான். "உபைதுல்லாகிட்ட என்ன கொடுத்தனுப்பியிருக்கே?"

"வெளையாட்டு சாமான்தான். நீ சொன்னதுதானே?"

"நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு நான்தான் போறேன். மொதல்ல நான் பிரிச்சுப் பாக்குறேன். பாத்துட்டு, கொடுக்கலாம்னா கொடுக்குறேன்."

ஃபோன் துண்டிக்கப்பட்டது.

சபிஹா அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். ஆஸிம் பையை அவிழ்ப்பான். கவிழ்த்துக் கொட்டுவான். எல்லாம் கருநீல முதுகாகக் கிடக்கும். என்னவென்று பார்க்க ஒவ்வொன்றாகப் புரட்டுவான். பச்சைக் கட்டம், மயில், கத்தரிப்பூ. அவனுக்கு அதிலெல்லாம் எதுவும் தெரியாது.

வெந்தய நிறம் தெரியும்.

நிலோஃபரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றிலிருந்து அவள் பெயரை ஒருமுறைகூட வாயால் சொல்லாதவன். பிள்ளைக்குத் தெரியாதே என்று தைரியமாக வைத்தாள் சபிஹா. பையை முதலில் அவிழ்க்கப்போகிறவன் யார் என்று யோசிக்காமல் போனாள்.

அவன் வெந்தய நிறத்தில் ஒன்றைப் புரட்டுவான். பிறகு அதன் ஜோடி எங்கே என்று தேடுவான்.